தளம் உங்களுடையது, அட்மின் யார்?

தர்மபுரி மாவட்டத்தில் பள்ளிகள், ஒகேனக்கல் விடுதிகள், மாங்கூழ் ஆலைகள் என்று பலரும் சொந்தமாக இணையதளம் வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள். பெரும்பாலும் வேர்டுபிரஸ் என்ற மென்பொருளில்தான். உலகத்துத் தளங்களில் பத்துக்கு நான்கு அதில்தான் ஓடுகின்றன. விலை கிடையாது, நிர்வாகப் பக்கத்தையும் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்.

செய்து கொடுப்பவர் சேலத்திலோ பெங்களூரிலோ இருப்பார். படங்கள் அழகாக வந்துவிட்டால் உரிமையாளருக்குத் திருப்தி. நிர்வாகப் பகுதியை முதன்முதலில் அமைத்த அந்தச் சில நிமிடங்களில் என்ன நடந்தது என்று அவர் கேட்பதில்லை. என் கவலை முழுக்க அங்கேதான்.

நிறுவும்போது கேட்கப்படுவது கொஞ்சம்தான்: தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், மின்னஞ்சல். இதில் மின்னஞ்சல்தான் உயிர். கடவுச்சொல் மறந்தால் புதியது வைக்கும் இணைப்பு அங்கேதான் போகும். செய்தவர் தன் முகவரியைப் போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டால், சேர்க்கைத் தேதியை மாற்றக்கூடப் பள்ளி அவரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

2010 வரை பயனர் பெயரை ‘அட்மின்’ என்று மென்பொருளே வைத்துவிடும். 3.0 பதிப்பில் நாமே பெயர் வைக்கும் வசதி வந்தும் பழக்கம் போகவில்லை. 2013 ஏப்ரலில் உலகெங்கும் பல்லாயிரம் முகவரிகளிலிருந்து நடந்த தாக்குதல், அந்தப் பெயரைப் போட்டுத்தான் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயன்றது.

இதைவிட ஆபத்தானது பாதி வேலை. கோப்புகளை ஏற்றிவிட்டு “நாளைக்குப் பார்த்துக்கலாம்” என்று விட்டால், நிறுவும் பக்கத்தை முதலில் திறக்கும் எவரும் முழு அதிகாரம் கொண்ட அட்மின் ஆகிவிடலாம். அப்படி நிற்கும் தளங்களைத் தேடிப் பிடிக்கும் நிரல்கள் 2017-லேயே உலவின. பென்னாகரத்துச் சின்னக் கடையை யார் தேடப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். பாதுகாப்புச் சான்றிதழ் வாங்கியதுமே தளத்தின் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும்; அதைக் கண்காணிப்பவர்களுக்கு ஊர் பெரிதா சிறிதா என்பது பொருட்டே இல்லை.

உரிமையாளர் தரப்புக்கு முழு அதிகாரம் கொடுத்தால் எதையாவது அழித்துவிடுவார்கள் என்று தளம் செய்பவர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. அதற்குத்தான் எடிட்டர், ஆத்தர் என்று கீழ்ப்படிகள் இருக்கின்றன. அன்றாட வேலைக்கு அலுவலகப் பிள்ளைக்கு எடிட்டர் போதும். அட்மின் உரிமையாளர் பெயரில்தான் இருக்க வேண்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்குமுன் செய்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பயனர்கள் பட்டியலைத் திறக்கச் சொல்லுங்கள். அட்மின் யார் யார், அவர்களின் மின்னஞ்சல் என்ன என்று பாருங்கள். உங்களுடையது இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி, நீங்களே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.