பெரிய கோயிலைப் படம்பிடித்த கேப்டன்

மனிதரைப் படம் பிடிப்பவர், "சற்று இப்படித் திரும்புங்கள்" என்று கேட்டுக்கொள்ளலாம். மலையையும் கோபுரத்தையும் படம் பிடிப்பவருக்கு அந்த வசதி இல்லை. கதிரவன் தக்க இடத்துக்கு வரும்வரை அவர்தாம் காத்திருக்க வேண்டும். புகைப்படக் கலை தோன்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலத்தில், தமிழகக் கோயில்களுக்கு அத்தகைய பொறுமை வாய்ந்த கலைஞர் ஒருவர் கிடைத்தார். அவர் பெயர் லின்னேயஸ் டிரைப்.

இங்கிலாந்தின் டெவன்போர்ட் நகரில் 1822-இல் பிறந்த டிரைப், கிழக்கிந்தியக் கும்பினியின் சென்னைப் படையில் அதிகாரியானார். விடுமுறையில் தாயகம் சென்றபோது புகைப்படக் கலையைப் பயின்றார். 1854-இல் ஹளேபீடு, பேளூர்க் கோயில்களைப் படம் எடுத்தார். மறு ஆண்டு சென்னையில் நடந்த கண்காட்சியில் அப்படங்கள் பரிசு பெற்றன. அவ்வாண்டிலேயே பர்மிய மன்னரிடம் சென்ற ஆங்கிலத் தூதுக்குழுவுடன் போய், அந்நாட்டுக் காட்சிகள் 120 அடங்கிய தொகுதியை உருவாக்கினார்.

அரசின் புகைப்படக்காரர்

அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் ஹாரிஸ் பிரபு. ஓவியர் ஒருவர் ஒரு சிற்பத் தூணை வரைந்து முடிக்கப் பல நாள் ஆகும். வரைபவரின் கைப்போக்கும் அதில் கலந்துவிடும். புகைப்படமோ உள்ளதை உள்ளவாறு காட்டும். ஆதலின் மாகாணத்தின் பழஞ்சின்னங்கள் சிதையுமுன் அவற்றைப் பதிவு செய்யும் பொருட்டு, 1856-இல் டிரைப் அரசின் புகைப்படக்காரராக அமர்த்தப்பட்டார். 1857 டிசம்பரில் மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை ஆகிய ஊர்களைச் சில மாதங்களில் சுற்றி வந்தார்.

மெழுகுத் தாளின் நுட்பம்

கண்ணாடித் தகட்டில் மருந்து பூசிப் படம் எடுக்கும் முறை அந்நாளில் பரவி வந்தது. ஆனால் பூசிய மருந்து உலர்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். வெப்ப நாட்டில் இது பெருந்தொல்லை. டிரைப் பெரும்பாலும் மெழுகூட்டிய தாளையே கையாண்டார். அதை முன்கூட்டியே ஆயத்தம் செய்து எடுத்துச் செல்லலாம். ஆயின் அதில் படம் பதியப் பல நிமிடங்கள் ஆகும்.

தாளில் முதலில் விழுவது எதிர்ப்படம். வெளிச்சம் கறுப்பாகவும் நிழல் வெளுப்பாகவும் இருக்கும். அதை வேறொரு மருந்துத் தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும். பெரிதாக்கும் வசதி இல்லாமையால், படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய காமிரா வேண்டும். மேலும், அம்மருந்து நீல ஒளியை மிகுதியாக ஏற்பதால் வானம் வெறுமையாகவே விழும். அக்குறையைப் போக்க, எதிர்ப்படத்தின் மேல் வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார் டிரைப்.

கட்டடத்தைப் படம் எடுப்பதில் வேறொரு சிக்கலும் உண்டு. கோபுரத்தின் உச்சியை அடக்க வேண்டிக் காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால், கட்டடம் பின்னால் சாய்வதுபோல் தோன்றும். எனவே காமிராவை மட்டமாக நிறுத்தி, எட்ட நின்றோ உயரமான இடத்தில் ஏறியோ எடுத்தல் வேண்டும்.

பத்தொன்பது அடிப் படம்

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தைச் சுற்றி, அதன் அடித்தளத்தில் கல்வெட்டுகள் வரி வரியாக ஓடுகின்றன. அவற்றின் ஒரு நீண்ட பகுதியை டிரைப் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். ஒரு படத்தில் காமிராவின் தொலைவோ உயரமோ சற்றே மாறினாலும் அடுத்த படத்தின் எழுத்து வரி அதனோடு பொருந்தாது. இம்முயற்சியின் அருமை அதிலிருந்தே விளங்கும். இப்படம் வெளிவந்தது 1858-இல். அக்கோயிலின் கல்வெட்டுகளை அறிஞர் ஹுல்ஷ் நூலாகப் பதிப்பிக்கத் தொடங்கியதோ 1891-இல்தான்.

ஆடம்பரம் என்ற தீர்ப்பு

1859-இல் சர் சார்லஸ் டிரெவல்யன் ஆளுநராக வந்தார். சிப்பாய்க் கலகத்துக்குப் பிந்திய பணமுடைக் காலம் அது. புகைப்படம் எடுப்பது அரசுக்குத் தகாத ஆடம்பரம் என்று கருதிய அவர், அவ்வேலையை நிறுத்தினார். 1860-இல் டிரைப்பின் அலுவலகம் மூடப்பட்டது. டிரைப் படைப் பணிக்குத் திரும்பினார்; அதன் பின் அக்கலையைப் பெரும்பாலும் கைவிட்டார். 1902-இல் மறைந்தார்.

எனினும் அவர் கற்றுக்கொடுத்த வித்தை மறையவில்லை. அவரிடம் பயிற்சி பெற்ற அய்யாசாமி என்பவர், சென்னைத் தொழிற்கலைப் பள்ளியில் புகைப்பட ஆசிரியராக விளங்கினார். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850-இல் தொடங்கிய அப்பள்ளியே இன்று சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக நிலவுகிறது.

டிரைப்பின் படங்களை 2014-ஆம் ஆண்டு வாஷிங்டன் தேசியக் கலைக்கூடம் கண்காட்சியாக வைத்தது. மறு ஆண்டு லண்டன் மக்களும் அவற்றைக் கண்டனர். ஆடம்பரம் என்று ஒதுக்கப்பட்ட அத்தாள்களைக் கொண்டே, 1858-இல் மதுரையும் தஞ்சையும் இருந்த கோலத்தை இன்றைய ஆய்வாளர் காண்கின்றனர். பழஞ்சின்னங்களைப் பதிவு செய்யும் பணிக்கு அரசுகள் பணம் ஒதுக்கும் போதெல்லாம் இவ்வரலாறு எண்ணிப் பார்க்கத் தக்கது.