4 வீல் டிரைவ் இருந்தும் பனியில் கார் சறுக்குவது ஏன்? எளிய விளக்கம்

மணாலியில் பனி கொட்ட ஆரம்பித்தால் போதும், நம்ம செல்போனுக்கு ஒரே மாதிரி வீடியோக்கள் வந்துவிடும். சோலங் பள்ளத்தாக்கு, அடல் சுரங்கப்பாதை பக்கம் ஒரு எஸ்யூவி இறக்கத்தில் மெதுவாகச் சறுக்கிக்கொண்டே போகும். டிரைவர் பிரேக்கை மிதித்துக்கொண்டுதான் இருப்பார். வண்டி மட்டும் நிற்காது. 'இது 4 வீல் டிரைவ் தானே, அப்புறம் எப்படி?' என்று பலரும் கேட்கிறார்கள்.

சுருக்கமான பதில் இதுதான்: 4 வீல் டிரைவ் வண்டியைக் கிளப்ப உதவும். நிறுத்த உதவாது.

பிடிமானம் எவ்வளவு குறையும்?

டயர் தரையைப் பிடிக்கும் அளவை உராய்வுக் கெழு என்று சொல்வார்கள். காய்ந்த சாலையில் இது சுமார் 0.7. இறுகிய பனியில் 0.2 அளவுக்குக் குறையும். கண்ணாடி மாதிரி உறைந்த பனிக்கட்டியில் 0.1 தான்.

மணிக்கு 40 கி.மீ வேகத்தில் போகும் கார், பிரேக் பிடித்த பிறகு காய்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் 30 மீட்டருக்கு மேல் போகும். பனிக்கட்டியில் 60 மீட்டரைத் தாண்டும். இதெல்லாம் சமதளக் கணக்கு. 10 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்குகிற சரிவில் பனிக்கட்டி இருந்தால், நிறுத்தி வைத்த காரே சறுக்க ஆரம்பிக்கலாம். எந்த டிரைவ் சிஸ்டமும் அங்கே காப்பாற்றாது.

அப்போ 4 வீல் டிரைவ் என்னதான் செய்கிறது?

சாதாரண காரில் இன்ஜினின் இழுவிசை 2 சக்கரங்களுக்கு மட்டும் போகும். 4 வீல் டிரைவில் அதே விசை 4 சக்கரங்களுக்கும் பிரியும். ஒவ்வொரு டயரின் மீதும் பாரம் குறைவு என்பதால், வழுக்கும் இடத்திலும் சுற்றாமல் தரையைப் பிடித்து நகரும்.

ஆனால் பிரேக் எல்லா கார்களிலும் ஏற்கெனவே 4 சக்கரங்களுக்கும் இருக்கிறது. அதனால் நிறுத்தும்போது 4 வீல் டிரைவ் காருக்குப் பெரிய கூடுதல் பலன் கிடையாது. ஆபத்து இங்கேதான். சாதாரண கார் பனியில் கிளம்பும்போதே சக்கரம் சுற்றி, 'ரோடு வழுக்குது' என்று எச்சரித்துவிடும். 4 வீல் டிரைவ் கார் சுலபமாகக் கிளம்பிவிடும். எவ்வளவு வழுக்குகிறது என்பதே முதல் தடவை பிரேக் பிடிக்கும்போதுதான் தெரியவரும்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவது ஏன்?

வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக இருப்பது டிஃபரன்ஷியல். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு பக்கச் சக்கரம் சேற்றிலோ அந்தரத்திலோ இருந்தால், அது சும்மா சுற்றும். அதைச் சுற்ற எவ்வளவு குறைந்த விசை போதுமோ, அவ்வளவுதான் மறுபக்கச் சக்கரத்துக்கும் கிடைக்கும். நல்ல தரையில் இருக்கும் சக்கரம்கூட அசையாது.

இதைச் சமாளிக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, டிஃபரன்ஷியலை லாக் செய்து இரண்டு சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைப்பது. இன்னொன்று, சும்மா சுற்றும் சக்கரத்துக்கு மட்டும் கம்ப்யூட்டர் பிரேக் போட்டு, விசையை மறுபக்கத்துக்குத் தள்ளுவது. மாருதி ஜிம்னியில் இந்த இரண்டாவது வழிதான்.

பார்ட் டைம், ஆல் வீல்: என்ன வித்தியாசம்?

ஜிம்னி, 3 கதவு மஹிந்திரா தார் 4 வீல் டிரைவ் மாடல் இரண்டுமே பார்ட் டைம் வகை. இதில் டிரைவர்தான் லீவரைப் போட வேண்டும். 2 ஹை சாதாரண சாலைக்கு. 4 ஹை போட்டால் முன், பின் அச்சுகள் ஒன்றாகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். மண், சேறு, பனியில் டயர் லேசாக வழுக்கும் என்பதால் பிரச்னை இல்லை.

காய்ந்த சாலையில் 4 ஹை போடக் கூடாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் ஓட வேண்டும். பிணைப்பு அதை விடாது. ஸ்டீயரிங் இறுகும், டயர் தேயும், கியர் பாகங்கள் சேதமாகும்.

மாருதி கிராண்ட் விட்டாராவின் ஆல்கிரிப் மாடல் வேறு வகை. ஆட்டோ, ஸ்போர்ட், ஸ்னோ, லாக் என்று 4 மோடுகள் இருக்கும். ஆட்டோவில் முன் சக்கரம் வழுக்கினால் கிளட்ச் மூலம் பின்சக்கரத்துக்கும் விசை போகும். மழைச் சாலை, லேசான மண் பாதைக்கு இது வசதி. ஆழமான மணலில் ரொம்ப நேரம் போராடினால் இந்த வகை கிளட்ச் சூடாகிவிட வாய்ப்புண்டு.

4 லோ எதற்கு?

வேகத்தைக் குறைத்து இழுவிசையைக் கூட்டும் கியர் இது. வண்டியைப் பொறுத்து விசை சுமார் 2 மடங்கு அல்லது அதற்கு மேல் கிடைக்கும். பாறை ஏற, செங்குத்தான மேட்டில் ஏற இதுதான் சரி. இறக்கத்திலும் பயன் உண்டு. இன்ஜினே 4 சக்கரங்களையும் பிடித்து நிதானமாக இறக்கும். ஆனால் பனிக்கட்டியில் இந்தப் பிடிப்பும் பிடிமானத்தின் எல்லையைத் தாண்டாது.

இடத்துக்கு இடம் எப்படி ஓட்டுவது?

மணல்: ஜெய்சால்மர் மணல் மேடு மாதிரி இடங்களில் டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ அளவுக்குக் குறைப்பார்கள். டயர் நீளமாகப் பரவி, மணலில் புதையாது. நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராகப் போக வேண்டும். சாலைக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும்.

சேறு: டயரின் பட்டை ஆழமாக இருக்க வேண்டும். பட்டைக்குள் சேறு அடைத்துவிட்டால் எந்த 4 வீல் டிரைவும் திணறும்.

பனி: ஆக்சிலேட்டர், பிரேக், ஸ்டீயரிங் மூன்றையும் மெதுவாகக் கையாள வேண்டும். பனி டயரோ, டயரில் கட்டும் சங்கிலியோ இருந்தால் பிரேக்கும் பிடிக்கும், திருப்பமும் கிடைக்கும்.

மழை: ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையோ நான்குவழிச் சாலையோ, தேங்கிய தண்ணீரில் வேகமாகப் போனால் டயர் தண்ணீர் மேல் மிதக்கும். மிதக்கும் டயருக்கு 4 வீல் டிரைவ் இருந்தும் பயன் இல்லை. வேகத்தைக் குறைப்பதும், தேயாத டயரும்தான் வழி.

வாங்கும் முன் கவனிக்க

எஸ்யூவி என்றாலே 4 வீல் டிரைவ் என்று அர்த்தம் இல்லை. தாரிலேயே பின்சக்கரம் மட்டும் இயங்கும் மாடலும் விற்பனையில் இருக்கிறது. ஷோரூமில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். இருக்கிற காரில் 4 வீல் டிரைவ் இல்லையென்றால், மலைப் பயணத்துக்கு முன் டயர்களை ஒரு தடவை பாருங்கள். தேய்ந்த டயர் போட்ட 4 வீல் டிரைவ் காரைவிட, நல்ல டயர் போட்ட சாதாரண கார் ஈரச் சாலையில் சீக்கிரம் நிற்கும்.