இன்சுலின் போடும் பிள்ளைக்கு இணையம் எப்படித் துணையாகும்?

நீரிழிவு என்றாலே பெரியவர்களுக்கு வரும் நோய் என்று பலர் நினைக்கின்றனர். பிள்ளைகளையும் தாக்கும் முதல் வகை நீரிழிவு வேறு. அதிகம் இனிப்பு தின்றதால் அது வருவதில்லை. பெற்றோரின் கவனக்குறைவும் காரணமல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. அதனால் பிள்ளை வாழ்நாள் முழுவதும் இன்சுலின் போட்டாக வேண்டும்.

ஊசி மட்டுமே சிரமம் அல்ல. பசியாறலுக்கு என்ன சாப்பிட்டது, மாலையில் எவ்வளவு நேரம் ஓடி விளையாடியது என்பதைப் பொறுத்து இன்சுலின் அளவு தினமும் மாறும். நிபுணரைப் பார்ப்பதோ சில மாதங்களுக்கு ஒரு முறைதான். இடைப்பட்ட நாட்களில் இணையம் கைகொடுக்கும்.

கையில் ஒட்டும் சிறிய சென்சர், சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பும். பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே, வேலையிடத்தில் உள்ள தாயும் இணையம் வழி அதைப் பார்க்கலாம். அளவு 4 மில்லிமோலுக்குக் கீழ் இறங்கினால், உடனே ஆசிரியரை அழைத்து, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொல்லலாம். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். பிள்ளை மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999-ஐ அழைக்க வேண்டும்.

சென்சரின் விலை அதிகம். ஒன்று ஏறக்குறைய இரு வாரங்களே வரும். வாங்க இயலாதவர்கள், விரலில் குத்திச் சோதித்த அளவுகளை நோட்டில் எழுதி, அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா என்று கிளினிக் தாதியிடம் கேட்டுக்கொள்ளலாம்.

வார்டில் தங்கும் நாட்களில் விடுபட்ட பாடங்களை ஆசிரியர் கைப்பேசிக்கே அனுப்பலாம். வெட்கப்பட்டுக் கழிவறையில் ஒளிந்து ஊசி போடும் பிள்ளை, தன்னைப்போன்ற இன்னொரு பிள்ளையிடம் காணொளி அழைப்பில் பேசினால் மனம் தேறும்.

ஆனால், அதே கைப்பேசியில்தான் ‘இன்சுலின் இல்லாமலே குணமாகும்’ என்ற விளம்பரமும் வருகிறது. 1922-இல் டொரொண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் இந்நோய் கண்ட பிள்ளைகள் நீண்ட நாள் பிழைத்ததில்லை. இன்சுலினை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் சேர்ந்து, ஓரிரு நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு தெரிந்தால், இணையத்தில் விடை தேடாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.