பெட்டியில் அச்சிடாத எண்

இரண்டு மியூசிக் பிளேயர்களில் எது நன்றாகப் பாடுகிறது என்று கண்டுபிடிக்க முதலில் ஒரு மல்டிமீட்டர் வேண்டும். எலெக்ட்ரீஷியன்கள் பையில் கிடக்கும் சாதாரண மீட்டரே போதும். அது இல்லாமல் செய்கிற ஒப்பீட்டில் பெரும்பாலும் ஜெயிப்பது, ஒரு துளி சத்தமாகப் பாடிய பிளேயர்தான்.

ஒரே பாட்டை ஒரே கருவியில் அரை டெசிபல் கூட்டி வைத்துக் கொடுத்தால், சத்தம் கூடியிருக்கிறது என்று கேட்பவருக்குப் பிடிபடாது. குரல் முன்னால் வந்திருக்கிறது, பேஸ் நிறைந்திருக்கிறது, ஏதோ திரை விலகியதுபோல் இருக்கிறது என்றெல்லாம் சொல்வார். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹார்வி ஃபிளெட்சரும் வைல்டன் மன்சனும் 1933இல் வெளியிட்ட வளைகோடுகளில் இதற்கான விளக்கத்தில் ஒரு பகுதி இருக்கிறது. மெல்லிய ஒலியில் நம் காது அடித்தொனிகளை அவ்வளவாக வாங்கிக்கொள்வதில்லை. ஒலியளவு ஏற ஏற அவை மற்றத் தொனிகளைவிட வேகமாக மேலெழுகின்றன. ஆகவே சத்தம் கூடினால் பாட்டின் நிறமும் சேர்ந்தே மாறுகிறது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். நூறு ஹெர்ட்ஸ் அளவில் ஒரே சீரான தொனியைப் பிளேயரில் ஓடவிட்டு, இயர்போன் செருகியபடியே அதன் முனைகளில் மாறுமின்னழுத்தத்தை அளக்க வேண்டும். இரண்டாவது பிளேயரின் அழுத்தத்தையும் ஒரு சதவீத வித்தியாசத்துக்குள் கொண்டுவந்தால், ஒலியளவு ஏறக்குறைய 0.1 டெசிபலுக்குள் பொருந்திவிடும். பிறகு எது எதுவென்று தெரியாதபடி வேறொருவர் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும், அதையும் சில நொடிகளுக்குள். நுண்ணிய ஒலி வேறுபாடுகளை நினைவு அதற்கு மேல் பிடித்து வைப்பதில்லை. போன மாதம் கேட்ட பிளேயரைவிட இதில் மேடை அகலமாக விரிகிறது என்று எழுதப்படும் விமர்சனங்களை இதனாலேயே நான் கதைபோலப் படிக்கிறேன், ரசிக்கத் தடையில்லை. பதினாறு தடவை மாற்றிக் கொடுத்து ஒருவர் பன்னிரண்டு தடவை சரியாகச் சொன்னால் அதை மதிக்கலாம். குருட்டாம்போக்கில் அப்படி அமைய நான்கு சதவீதத்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு.

இந்தச் சோதனையில் மாட்டிக்கொண்டவற்றில் பெயர் பெற்றது போனோ. எம்பி3 இசையின் உயிரை எடுத்துவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கனடியப் பாடகர் நீல் யங், 2014 மார்ச்சில் கிக்ஸ்டார்ட்டர் மூலம் பணம் திரட்டினார். 60 லட்சம் டாலருக்கு மேல் குவிந்தது. முக்கோணச் சாக்லேட் கட்டிபோல் இருந்த அந்தப் பிளேயரின் விலை 399 டாலர். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை பாடும். அடுத்த ஜனவரியில் அமெரிக்கத் தொழில்நுட்ப எழுத்தாளர் டேவிட் போக் அதையும் ஐபோனையும் ஒரு சுவிட்சில் இணைத்து, எது எது என்று சொல்லாமல் சிலருக்குக் கேட்கக் கொடுத்தார். போனோ தனித்துத் தெரியவில்லை. ஐபோன் பக்கம்தான் கொஞ்சம் கூடுதலான பேர் சாய்ந்தார்கள். 2017க்குள் போனோ கடையைக் கட்டியது.

போக் செய்தது பத்திரிகைச் சோதனை, ஆய்வாகாது. ஆனால் ஆய்வுகளும் அதே திசையில்தான் கைகாட்டுகின்றன. பாஸ்டனைச் சேர்ந்த பிராட் மேயரும் டேவிட் மோரனும் 2007இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயர்தரத் தட்டுகளிலிருந்து வந்த ஒலியை அப்படியே ஒரு பக்கமும், அதையே சாதாரண சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் வாசல் வழியாக நுழைத்து எடுத்து மறுபக்கமும் கேட்கவைத்தார்கள். மொத்தம் 554 முயற்சிகளில் சரியான பதில் 49.8 சதவீதம். காசைச் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷ் ரைஸ் 2016இல் பதினெட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது 52.3 சதவீதம் வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு இன்னும் சற்றுக் கூடுதல். வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது; இருந்தாலும் மிக மெல்லியது.

காரணம் கணிதத்தில் இருக்கிறது. ஓர் அலையில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இரண்டு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுத்துவிட்டால் அந்த அலையை முழுமையாகத் திரும்ப வரைந்துவிடலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் ஆகியோர் பெயரால் வழங்கும் தேற்றம். மாதிரிகளுக்கு நடுவே படிக்கட்டுபோல் உடைந்த அலை ஓடுகிறது என்று விளம்பரப் படங்களில் காட்டுவார்கள். அந்தப் படிக்கட்டு பிளேயரின் வடிகட்டியைத் தாண்டி வெளியே வருவதில்லை. இளங்காதுகளின் எல்லையே 20 கிலோஹெர்ட்ஸ். நடுவயதுக்கு மேல் அதிலும் கணிசமாகக் குறைந்துவிடும். 44.1 அதைத் தாராளமாக மூடுகிறது. பிட் கணக்கும் அப்படித்தான். ஒவ்வொரு பிட்டும் சுமார் ஆறு டெசிபல் தரும். 16 பிட் என்றால் உச்ச ஒலிக்கும் இரைச்சல் தரைக்கும் இடையே 96 டெசிபல். ‘அன்னக்கிளி’ வந்த 1976லும் அதன் பின் பல ஆண்டுகளும் நம் திரைப்பாடல்கள் காந்த நாடாவில் பதிவானவை. நாடாவின் இடைவெளி 70 டெசிபலைச் சுற்றித்தான் நிற்கும். அவற்றை 24 பிட்டில் வாங்கினால் கூடுதலாகக் கிடைப்பது நாடா இரைச்சலின் துல்லியமான பிரதி.

உயர்தரப் பதிப்பு சில சமயம் நிஜமாகவே இனிமையாக ஒலிப்பது உண்டு. யாரோ ஒருவர் மூல நாடாவை எடுத்து, அவசரப்படாமல், ஒலியை நசுக்காமல் மறுபடி மாஸ்டர் செய்திருப்பார். பெருமை அவர் கைக்குச் சேர வேண்டியது, 192க்கு அல்ல.

அப்படியானால் எல்லாப் பிளேயரும் ஒன்றுதானா? இல்லை. சில பிளேயர்களுக்கு இடையே அளவெடுத்துக் காட்டக்கூடிய, யார் காதுக்கும் எட்டக்கூடிய வித்தியாசம் உண்டு. அதைத் தீர்மானிக்கும் எண்ணைப் பெட்டியின் மேல் பெரும்பாலும் அச்சிடுவதில்லை.

தென்கொரியாவின் ஐரிவர் நிறுவனம் 2012இல் ஆஸ்டெல் அண்ட் கெர்ன் என்ற பெயரில் ஏகே 100 பிளேயரை வெளியிட்டது. கைக்கடக்கமான அலுமினிய உடல், பக்கவாட்டில் அழகான வால்யூம் திருகு, உள்ளே நல்ல உல்ஃப்சன் சில்லு, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், விலை 699 டாலர். குறை சொல்ல எதுவும் இல்லாத பட்டியல். ஆனால் அதன் வெளியீட்டு மின்மறுப்பு 22 ஓம்.

தெருக்கோடி வீட்டில் தண்ணீர் மோட்டார் போட்டதும் பல்பு மங்குவதைப் பார்த்திருப்போம். வரும் வழியிலேயே கம்பி அழுத்தத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. இழுக்கும் சுமை பெரிதானால் தின்னும் பங்கும் பெரிதாகிறது. பிளேயருக்கும் இயர்போனுக்கும் இடையே நடப்பதும் இதுவே. பல குட்டி ஒலிப்பான்களை அடுக்கிச் செய்த விலையுயர்ந்த இயர்போன்களில் மின்மறுப்பு நிலையாக இருப்பதில்லை. ஓர் அதிர்வெண்ணில் 8 ஓம், இன்னொன்றில் 40 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 22 ஓம் பிளேயரில் செருகினால் முதலாவதுக்குப் போய்ச் சேருவது அழுத்தத்தில் 27 சதவீதம், இரண்டாவதுக்கு 65 சதவீதம். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 7.7 டெசிபல் பள்ளம். பிளேயரின் மின்மறுப்பு ஒரு ஓமாக இருந்தால் அதே பள்ளம் 0.8 டெசிபலாகச் சுருங்கிவிடும். 22 ஓம் பிளேயரில் நாம் கேட்பது இயர்போன் செய்தவர் நினைத்த ஒலியே இல்லை. ஈக்வலைசரை யாரோ கண்டபடி திருகி விட்டுப்போன மாதிரி.

ஒரே பிளேயரைப் பற்றி நேர்மையான இருவர் நேரெதிராக எழுதுவதன் மர்மமும் இதில் அவிழ்கிறது. ஒருவர் இயர்போனில் மின்மறுப்பு குதித்தாடும், மற்றவருடையதில் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே மட்டமாக இருக்கும். ‘மேல்தொனி கூர்மை’ என்று இவரும் ‘சமநிலை’ என்று அவரும் எழுதுவார்கள், இரண்டும் உண்மை. இயர்போன் மின்மறுப்பின் எட்டில் ஒரு பங்குக்கு மேல் பிளேயருடையது போகக்கூடாது என்பது இத்துறையில் புழங்கும் கைக்கணக்கு. ஏகே 100இன் அடுத்த வடிவத்தில் நிறுவனமே அந்த 22ஐ வெகுவாகக் குறைத்துவிட்டது.

இதற்கு அடுத்தது இரைச்சல். கூருணர்வுள்ள இயர்போனில் பாட்டு தொடங்குமுன் ‘ஸ்ஸ்’ என்று கேட்டால் அந்தப் பிளேயர் அந்த இயர்போனுக்கு ஆகாது. பிறகு திறன். 300 ஓம் கொண்ட சென்ஹைசர் எச்டி 600 போன்ற ஹெட்போனுக்கு ஒரு வோல்ட் கொடுத்தால் பெரும்பாலான பாட்டுக்குப் போதும். தாழ்வாகப் பதிவான சிம்பொனியின் உச்சங்களில் மூச்சு வாங்கும்.

இந்த மூன்றிலும் தேறுவதற்குப் பெரிய பணம் தேவையில்லை என்பதுதான் இத்தொழிலுக்குக் கசப்பான செய்தி. ஆப்பிள் ஒன்பது டாலருக்கு விற்கும் யூஎஸ்பி-சி ஹெட்போன் டாங்கிளின் மின்மறுப்பு ஒரு ஓமுக்கும் குறைவு. இரைச்சலும் சிதைவும் காதுக்கு எட்டாத ஆழத்தில். வெளியீடு ஒரு வோல்ட், ஐரோப்பாவுக்கு விற்பதில் மட்டும் பாதி. சில ஆண்ட்ராய்டு கைபேசிகளில் செருகினால் ஒலி தாழ்ந்தே வருகிறது என்ற தொல்லை உண்டு. மறுமுனையில், சோனி 2016இல் கொண்டுவந்த என்டபிள்யூ-டபிள்யூஎம்1இசட். கட்டிச் செம்பைக் குடைந்து தங்க முலாம் பூசிய உடல், 455 கிராம் எடை, 3,200 டாலர். அதே குடும்பத்தின் அலுமினிய வடிவம் 1,200 டாலருக்குக் கிடைத்தது. செம்பின் குறைந்த மின்தடையால் ஒலி மேம்படுகிறது என்பது விளக்கம். சட்டைப்பை தொங்குவது நிச்சயம்.

சில்லுகளின் பெயரைச் சொல்லி விற்பதும் இந்த ரகம். ஜப்பானில் நோபியோகாவில் இருந்த அசாஹி கசெய் சில்லு ஆலையில் 2020 அக்டோபர் 20ஆம் தேதி பிடித்த தீ மூன்று நாளுக்கு மேல் எரிந்தது. அதுவரை ‘வெல்வெட் ஒலி’ என்று அந்தச் சில்லுகளைக் கொண்டாடிய பிளேயர் நிறுவனங்கள், சரக்கு தீர்ந்ததும் வேறு நிறுவனங்களின் சில்லுகளுக்கு மாறின. சீனாவின் ஃபியோ தன் எம்11 பிளஸ் பிளேயரைப் பிறகு வேறு சில்லுடன் விற்றது. கூரை இடிந்து விழுந்துவிடவில்லை.

ஆகவே இன்றைக்குத் தனிப் பிளேயர் வாங்குவதற்கு மிச்சமிருக்கும் நல்ல காரணம் கையாளும் சுகம். விமர்சனங்களில் கடைசிப் பத்தியில் ஒதுங்கிக் கிடக்கும் இந்த விஷயத்தில்தான் பிளேயர்கள் ஒன்றுக்கொன்று மலையும் மடுவுமாக வேறுபடுகின்றன. பையிலிருந்து எடுக்காமலே பாட்டை மாற்றப் பக்கவாட்டில் நிஜமான பொத்தான் இருக்கிறதா? இரவில் மெல்லக் கேட்பவருக்கு வால்யூமின் ஒவ்வொரு படியும் போதிய அளவு சிறியதா? நிறைந்த மெமரி கார்டைப் போட்டால் பட்டியலிட எவ்வளவு நேரம் எடுக்கிறது? 2001இல் 5 ஜிபியுடன் வந்த ஐபாடின் வட்டச் சக்கரத்தில் கட்டைவிரல் ஆயிரம் பாட்டைக் கடந்துபோகும். அந்த வேகத்தைத் தொடுதிரை இன்னும் எட்டவில்லை என்பது என் கட்சி. 2014இல் நிறுத்தப்பட்ட ஐபாட் கிளாசிக்கை இன்றும் தேடி வாங்கி, சுழலும் வட்டைக் கழற்றி மெமரி கார்டு பொருத்திப் பயன்படுத்துகிறார்கள். ஏக்கம் மட்டும் அதற்குக் காரணமாக இருக்க முடியாது.

ஆண்ட்ராய்டு வைத்த பிளேயர்களில் ஸ்ட்ரீமிங் செயலிகள் ஓடும். அதற்கு விலையாக, ஆன் ஆவதற்கே நேரம் பிடிக்கும், பேட்டரி கரையும். வழக்கமான ஆண்ட்ராய்டு, பெரும்பாலும் கோப்புகளை 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றித்தான் வெளியே விடும். அந்த வழியைத் தவிர்க்கப் பிளேயர் நிறுவனங்கள் தனியே வேலை செய்கின்றன. தங்களுக்கென எழுதிய எளிய மென்பொருளுடன் வரும் சிறு பிளேயர்கள் சட்டென்று விழித்துப் பாடும், ஆனால் கோப்புகளை மட்டும்தான் பாடும்.

கடைக்குப் போகிறவர் தன் இயர்போனையும் ஒரு கார்டையும் எடுத்துப்போவது நல்லது. கார்டில் ஒரு நிமிட மௌனக் கோப்பு ஒன்று இருக்கட்டும். பாட்டை நிறுத்தினால் சில பிளேயர்கள் வெளியீட்டையே அணைத்துவிடும் என்பதால், மௌனத்தை ‘ஓட’ விட்டால்தான் நிஜ இரைச்சல் கேட்கும். ராகம், தானம், பல்லவி என்று தனித்தனிக் கோப்பாக வெட்டிய ஒரு கச்சேரிப் பதிவு இருக்கட்டும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் சுருதி ஒரு கணம் அறுந்தால் அந்தப் பிளேயருக்கு இடைவெளியின்றிப் பாடத் தெரியாது.

கடைசியாக, தமிழில் பெயரிட்ட ஒரு கோப்பு. இந்தச் சோதனையை வெளிநாட்டு விமர்சகர் யாரும் செய்து தரமாட்டார். நம் எழுத்தில் கொம்பும் காலும் மெய்யின் இருபுறமும் போய் உட்கார வேண்டும். அந்தக் கோக்கும் வேலையைச் செய்யும் மென்பொருள் ஆண்ட்ராய்டில் உள்ளிருக்கிறது. சொந்த மென்பொருள் கொண்ட மலிவான பிளேயர்களில் பெரும்பாலும் அது இருக்காது. சிலவற்றில் பெயர் முழுக்கக் கட்டம் கட்டமாக நிற்கும். சிலவற்றில் ‘கொஞ்சும்’ என்று தொடங்கும் பாட்டைத் திரையில் தேடினால், கொம்பு ஒரு பக்கமும் ‘க’ ஒரு பக்கமுமாகச் சிதறிக் கிடக்கும். ஆங்கில எழுத்தில் பெயர்களைத் திருத்தி எழுதிக்கொள்ளலாம், முந்நூறு பாட்டு என்றால். முப்பதாயிரம் சேர்த்து வைத்திருப்பவர் ஆண்ட்ராய்டு பிளேயரையே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், அது விழித்தெழும்வரை காத்திருந்து.