வக்கீலைப் பார்க்கப் போறீங்களா? முதல்ல மஞ்சப்பையைப் பிரிங்க!

எந்த ஊருக்கும் பொருந்துகிற காட்சி இது. அறுவடை மும்முரத்தில் நீதிமன்ற ஊழியர் வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு சம்மனைக் கொடுத்துவிட்டுப் போகிறார். பிரித்துப் பார்த்தால், சித்தப்பா மகன் போட்ட பாகப்பிரிவினை வழக்கு. 'பங்காளிதானே... திருவிழாவுக்கு வரும்போது பேசிக்கலாம்' என்று சம்மன் பரணுக்குப் போகிறது. அடுத்து வந்த நோட்டீஸும் அதே பரணுக்குத்தான் போகிறது. கடைசியில், ஆணையரும் சர்வேயரும் நிலத்தை அளக்க வந்து நிற்கும்போதுதான், வழக்கு 'எக்ஸ்பார்ட்டி' ஆகி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிட்டது என்றே தெரிகிறது. அதன்பிறகு மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு வக்கீல் ஆபீசுக்கு ஓட்டம்!

நிலத் தகராறில் பாதி வேலை, வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பு வீட்டுத் திண்ணையிலேயே முடிந்துவிட வேண்டும். அதை எப்படிச் செய்வது?

தேதிதான் முதலில்!

தாத்தா காலத்துக் கதையிலிருந்து ஆரம்பிப்பதுதான் பலருடைய வழக்கம். ஆனால், வழக்கறிஞருக்கு முதலில் வேண்டியது, 'சம்மன் என்றைக்குக் கைக்கு வந்தது?' என்பதற்கான பதில். உரிமையியல் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாள்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால், நீதிமன்றம் இதை 90 நாள்கள் வரை நீட்டிக்கலாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்பதற்கும் 30 நாள்கள்தான் கெடு. அது தாண்டினால், தாமதத்துக்கான காரணத்தை நீதிமன்றம் ஏற்கும்படி சொல்லி, தனியாக மனு போட வேண்டும். தீர்ப்பை எதிர்த்து மாவட்ட அளவிலான நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்கள். உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள்கள். அதனால், நீதிமன்றத்திலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும், வந்த தேதியை அதன் மீதே எழுதி வையுங்கள். உறையையும் தூக்கிப்போட வேண்டாம்.

பைக்குள் என்ன இருக்க வேண்டும்?

* கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, உயில் என்று கையில் உள்ள பத்திரங்கள், அவற்றுக்கு மூலமான தாய்ப்பத்திரம்.
* பட்டா, சிட்டா, அ-பதிவேடு, அடங்கல், புல வரைபடம்.
* வில்லங்கச் சான்று. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகவே பார்க்கலாம்.
* இறப்புச் சான்று, வாரிசுச் சான்று.
* வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, பயிர்க்கடன் ரசீது. நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று காட்ட உதவும்.
* சம்மன், நோட்டீஸ், போலீஸில் கொடுத்த புகாரின் ரசீது, பழைய வழக்கு இருந்தால் அதன் எண்.

'பட்டா என் பேரில்தானே இருக்கு' என்று மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பட்டா, வருவாய்த்துறை ஆவணம். உரிமை யாருக்கு என்ற சண்டையில் பட்டாவை மட்டும் வைத்து ஜெயித்துவிட முடியாது. பத்திரம்தான் முன்னால் நிற்கும்.

எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி, இரண்டு செட் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பில் அசல் பத்திரங்களைக் காட்டினால் போதும். வழக்குக்காகக் கொடுக்க வேண்டி வந்தால், எந்தெந்தப் பத்திரம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

வீக்கான விஷயத்தையும் சொல்லுங்க!

ஒரு தாளில் குடும்ப வம்சாவளியை வரைந்துகொள்ளுங்கள். யார் எப்போது இறந்தார், பெண் மக்கள் யார் யார் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். இன்னொரு தாளில் நடந்ததை வருட வரிசையில் பத்து, பதினைந்து வரிகளில் எழுதுங்கள். பாதைத் தகராறு, வரப்புத் தகராறு என்றால், கையால் வரைந்த படம் ஒன்றும் இருக்கட்டும். கிணறு, பொதுப்பாதை, வாய்க்கால் எந்தப் பக்கம் என்று அதில் குறித்துவிட்டால் அரை மணி நேரப் பேச்சு மிச்சம்.

அப்பா வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது, அக்காவின் பங்குக்கு வாய்வார்த்தையாகப் பணம் கொடுத்தது, கிணற்றில் பங்காளிக்கு முறைத்தண்ணீர் விட்டது... இப்படித் தனக்குப் பாதகமானதைப் பலரும் மறைத்துவிடுகிறார்கள். எதிர்த்தரப்புக்கு அது ஏற்கெனவே தெரியும்! குறுக்கு விசாரணையில்தான் தன் வக்கீலுக்கே தெரிகிறது என்றால், அங்கேயே வழக்கு ஆட்டம் காணும். வழக்கு சம்பந்தமாகக் கட்சிக்காரர் சொன்னதை அவர் சம்மதம் இல்லாமல் வழக்கறிஞர் வெளியில் சொல்லக்கூடாது என்பது சட்டம். அதனால், தயங்க வேண்டியதில்லை.

யாரிடம் போவது, என்ன கேட்பது?

விபத்து வழக்கில் பெயர் வாங்கியவர், நில வழக்கிலும் அப்படியே இருப்பார் என்று சொல்ல முடியாது. வழக்கு நடக்கப்போகும் நீதிமன்றத்தில் நில வழக்குகளைத் தொடர்ந்து நடத்துபவர் யார் என்று இரண்டு, மூன்று பேரிடம் விசாரியுங்கள். பட்டா மாறுதல் உத்தரவில் குறை என்றால், கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது. 'இது கோர்ட்டுக்குப் போக வேண்டிய விஷயமா, வருவாய்த்துறையில் முடியுமா?' என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். கூடவே, இவற்றையும் கேளுங்கள்.

* என் பக்கம் பலம் எது, பலவீனம் எது?
* பேசி முடிக்க வாய்ப்பு உண்டா?
* ஃபீஸ் மொத்தமாகவா, தவணையாகவா? கோர்ட் கட்டணம், ஆணையர் கட்டணம் தனியா?
* வாய்தாவுக்கு நான் எப்போதெல்லாம் வர வேண்டும்?

'ஜெயித்தால் நிலத்தில் இத்தனை சென்ட்' என்று ஃபீஸ் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் அனுமதிப்பதில்லை. கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். வக்காலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் மட்டும் வேண்டவே வேண்டாம். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டால், 'இ-கோர்ட்ஸ்' செயலியில் அடுத்த வாய்தா என்றைக்கு என்று வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

பணம் இல்லையே என்ன செய்ய?

பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு அரசு நிர்ணயித்த வருமான வரம்புக்குள் இருந்தால் கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவையோ, தாலூகாவில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவையோ அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். நிலுவையில் உள்ள வழக்கு லோக் அதாலத்தில் சமரசமாக முடிந்தால், கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

பங்காளியோடு பேசித் தீர்ப்பது நல்ல விஷயம்தான். ஆனால், பேச்சு ஒரு பக்கம் நடக்கட்டும், எதிருரை ஒரு பக்கம் தாக்கலாகட்டும். பேசி முடிக்கும் வரை கோர்ட் கெடு காத்திருக்காது!