சாரலில் கரையாத மை
ஃபிளெக்ஸ் அச்சின் வேதியியலும், மெஷின் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்விகளும்

ஜூன் பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்துவிடும். குற்றாலத்துக் கடைவீதியில் ஓட்டல், விடுதி, பழக்கடை, எண்ணெய்க்கடை என்று வரிசையாகத் தொங்கும் போர்டுகள் ஆகஸ்ட் வரை நனைந்துகொண்டே இருக்கும். சற்றுத் தள்ளியிருக்கும் சுரண்டைக்கு வரும்போது அதே காற்றில் ஈரம் குறைந்து வேகம் மிஞ்சியிருக்கும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்தி வயல்களைத் தாண்டி வரும் அந்தக் காற்றுதான் இந்த வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சுரண்டை காய்கறிச் சந்தையைச் சுற்றியுள்ள கடைப் பலகைகளையும் கோயில் கொடை பேனர்களையும் உலுக்குவதும் அதுவே.

இத்தனை நனைந்தும் அந்த எழுத்துகள் கரைந்து ஓடுவதில்லை. வீட்டுப் பிரின்டரில் எடுத்த வண்ணத் தாளில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலே படம் கலங்கிவிடுகிறது. போர்டை அச்சிடும் எந்திரம், வீட்டுப் பிரின்டர் இரண்டும் மைத்துளியைப் பீய்ச்சியே அச்சிடுகின்றன. மைதான் வேறு. அந்த மையைப் புரிந்துகொண்டால், எந்த மெஷினை வாங்குவது, எந்த அறையில் வைப்பது, எதை அச்சிடக் கூடாது என்ற கேள்விகளுக்கெல்லாம் விடை கிடைத்துவிடும்.

பிளாஸ்டிக்கில் புதையும் நிறம்

ஃபிளெக்ஸ் என்பது பாலியஸ்டர் நூல் வலையின் இருபுறமும் பிவிசி பிளாஸ்டிக் படிந்த விரிப்பு. அதில் அச்சிடும் சால்வென்ட் மையில் மூன்று பொருள்கள் உண்டு: நிறம் தரும் நுண்துகள், அதைப் பிடித்துவைக்கும் பிசின், இரண்டையும் சுமந்து வரும் கரைப்பான். மையில் பெரும்பகுதி கரைப்பான்தான். அதிகம் புழங்குவது சைக்ளோஹெக்ஸனோன் என்ற திரவம்.

இந்தத் திரவத்தின் வேலையைப் பார்க்க அச்சகத்துக்குப் போக வேண்டியதில்லை. பிளம்பர் பிவிசி குழாயை இணைக்கத் தடவும் சால்வென்ட் பசையிலும் இது உண்டு. குழாயின் மேற்பரப்பைக் கரைத்து, இரண்டு துண்டுகளின் மூலக்கூறுச் சங்கிலிகளையும் ஒன்றோடொன்று பின்னவிட்டு, பிறகு ஆவியாகிப் போய்விடுகிறது. ஃபிளெக்ஸிலும் நடப்பது இதேதான். துளி விழுந்ததும் பிவிசியின் மேல்தோல் இளகுகிறது. பிசினும் நிறத்துகளும் அந்த இளக்கத்துக்குள் இறங்குகின்றன. கரைப்பான் பறந்ததும் தோல் இறுகிக்கொள்கிறது. நிறம் பிளாஸ்டிக்கோடு ஒன்றாகிவிட்டதால் மழை அதைக் கழுவ முடிவதில்லை.

எது எதைக் கரைக்கும் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்க வேதியியலாளர் ஜோயல் ஹில்டிபிராண்ட் வகுத்த கரைதிறன் எண்ணை, 1967இல் சார்லஸ் ஹான்சன் மூன்று கூறுகளாகப் பிரித்து விரிவாக்கினார். எண்கள் நெருங்கினால் பொருள்கள் கலக்கும். பிவிசி, சைக்ளோஹெக்ஸனோன் இரண்டின் எண்ணும் 20ஐ ஒட்டியவை. தண்ணீரின் எண் ஏறக்குறைய 48. சாரலால் ஏன் இந்த அச்சைத் தொட முடியவில்லை என்பதை இந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது. பாலிஎத்திலீன் விரிப்பை இந்தக் கரைப்பானால் இளக்க முடியாது. அதனால் அதில் சாதாரண சால்வென்ட் மை பிடிக்காமல் நகத்தால் சுரண்டினாலே உரிந்துவிடும். சால்வென்ட் மெஷின் வாங்குகிறவர் பிவிசியோடும் உறவு வைத்துக்கொள்கிறார் என்று அர்த்தம்.

துளியின் அளவும் பார்வையின் தூரமும்

சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று 1880இல் ழாக், பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் அப்படிகம் நெளியும் என்பது அதன் மறுபக்கம். பேனர் மெஷினின் ஹெட் இயங்குவது இந்த நெளிவால்தான். நொடிக்குப் பல ஆயிரம் முறை துடிக்கும், பீசோ எனப்படும் இத்தகைய பொருளாலான சுவர்கள், ஒவ்வொரு துடிப்பிலும் ஒரு துளியை நாசில் வழியாகத் தள்ளுகின்றன. மையைக் கொதிக்கவைத்துக் குமிழியால் தள்ளும் முறை வீட்டுப் பிரின்டர்கள் பலவற்றில் உண்டு. பேனர் தொழிலில் நிலைத்தது, சூடாக்காமல் தள்ளும் பீசோ முறை.

நம்மூர் ஃபிளெக்ஸ் அச்சகங்களில் அடிக்கடி காதில் விழும் பெயர் கோனிகா 512ஐ. அதில் 512 நாசில்கள். ஒரு துளி 30 பிகோலிட்டர். ஒரு லிட்டர் மையில் இப்படி 3,300 கோடிக்கு மேல் துளிகள் அடங்கும். பறக்கும்போது ஒரு துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூற்றில் நான்கு பங்குதான். எக்கோ சால்வென்ட் மெஷின்களில் வரும் எப்சன் டிஎக்ஸ்5 ஹெட்டில் 1,440 நாசில்கள் உண்டு. அதன் துளி இன்னும் பல மடங்கு சிறிது.

சிறிய துளிதான் சிறந்தது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நல்ல கண்ணுக்கு, 10 மீட்டர் தொலைவில் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் அவற்றுக்கிடையே 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அரை மீட்டரில் 0.15 மில்லிமீட்டர் போதும். பேருந்திலிருந்து பார்க்கும் பெரிய போர்டுக்கு அங்குலத்துக்கு 72 புள்ளி கொண்ட படக்கோப்பே தாராளம். மருந்துக்கடைக் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கருக்கோ வாடிக்கையாளர் கைதொடும் தூரத்தில் நிற்பதால் சிறு துளி தேவை. பெரிய போர்டைச் சிறு துளியில், ஒரே இடத்தின் மேல் ஹெட்டைப் பல முறை ஓட்டி அச்சிட்டால் நேரமும் மையும்தான் கூடும். பார்ப்பவருக்கு ஒன்றும் கூடுதலாகத் தெரியாது.

எந்த மெஷின்?

பத்தடி அகலத்துக்கு ஓடும் முழு சால்வென்ட் மெஷின் வேகமானது. அதன் மை பிவிசியை ஆழமாகப் பிடிக்கும், விரைவில் காயும், வாடையும் கடுமையாக இருக்கும். எக்கோ சால்வென்ட் மெஷின் பெரும்பாலும் ஐந்து, ஆறடி அகலம். அதன் மையில் மெதுவாக ஆவியாகும் கிளைகால் ஈதர் வகைகள் இருப்பதால் வாடை குறைவு. ஆனால் மேடையில் ஹீட்டர் கட்டாயம். வினைல் ஸ்டிக்கர், கடையின் உள்போர்டு, வண்டி ஸ்டிக்கர் ஆகியவற்றுக்கு அதுவே பொருத்தம். யுவி மெஷினில் ஆவியாகும் கரைப்பான் அநேகமாக இல்லை. விழுந்த நொடியே புறஊதா விளக்கு மையை உறையவைக்கிறது. தகரம், அக்ரிலிக், மரப்பலகை என எதிலும் அச்சிடலாம். உறையாத யுவி மை தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. எச்பி நிறுவனம் 2008இல் அறிமுகப்படுத்திய லேட்டக்ஸ் மை தண்ணீரை அடிப்படையாகக் கொண்டது, வெப்பத்தால் காய்வது.

எதை வாங்கினாலும் அன்றாட ஒழுங்கு ஒன்றுதான். காலையில் முதல் வேலையாக நாசில் டெஸ்ட் எடுத்து, விட்டுப்போன கோடுகளைப் பார்க்க வேண்டும். இரண்டு கம்பெனி மைகளைக் கலக்கக் கூடாது. நிறத்துகள்களைத் தனித்தனியே மிதக்கவைக்கும் சேர்மானம் ஒவ்வொரு மையிலும் ஒவ்வொரு விதம். கலந்தால் துகள்கள் திரண்டு நாசிலை அடைத்துவிடும். கழுவுவதற்கு அந்த மைக்கென்றே வரும் திரவம் இருக்கிறது. கையில் கிடைத்த தின்னரை ஊற்றினால், ஹெட்டின் பாகங்களை ஒட்டியிருக்கும் பசையே இளகிவிடும். அச்சு ஓடும்போது கரண்ட் போனால் ஹெட் மூடியில் அடையாமல் நடுவழியில் நின்று மை காய்ந்துபோகும். ஆடிக் காற்றில் மின்தடை அடிக்கடி வரும் ஊரில் யுபிஎஸ்ஸும் நல்ல எர்த்திங்கும் மெஷினின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டியவை.

அச்சான வினைலை உடனே லேமினேஷன் செய்வது இன்னொரு தவறு. தொட்டால் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளே கரைப்பான் மிச்சமிருக்கும். அது அடிப்பசைக்குள் இறங்கி, சில நாளில் ஓரங்களைச் சுருட்டிவிடும். சந்தைக்குக் காய்கறி ஏற்றும் மினி லாரிக்கு ஸ்டிக்கர் ஒட்டுவதானால், குறைந்தது ஒரு நாள் விரித்துப்போட்டு ஆறவிட வேண்டும்.

ஆவி எங்கே போகிறது?

பேனரிலிருந்து பறந்த கரைப்பான் முதலில் சேருவது அச்சடிப்பவரின் மூச்சில். சைக்ளோஹெக்ஸனோன் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், தலைவலியும் மயக்கமும் தரும், தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். எட்டு மணி நேர வேலையில் சராசரியாகப் பத்து லட்சத்தில் 50 பங்குக்கு மேல் காற்றில் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணியிடச் சட்டத்தின் எல்லை. அங்குள்ள தொழில்நல ஆய்வு நிறுவனமோ 25 பங்கே போதும் என்கிறது. வாடை அதைவிட மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும். சிறிது நேரத்தில் மூக்கு அதற்குப் பழகியும் விடும். “எனக்கு இப்போது வாடையே அடிப்பதில்லை” என்று வேலை செய்யும் தம்பி சொன்னால், காற்று சுத்தமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுரண்டையில் இதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆனி, ஆடியில் ஜன்னலைத் திறந்தால் புழுதி பறந்து வந்து ஈர அச்சில் ஒட்டும். மூடினால் ஆவி அறைக்குள்ளேயே தங்கும். இதற்குத் தீர்வு புகைபோக்கி விசிறி: சுத்தமான காற்று ஒரு பக்கம் வடிகட்டித் துணி வழியாக வர வேண்டும்; மெஷினுக்கு அருகில், தாழ்வாக வைத்த விசிறி ஆவியை எதிர்ப்பக்கம் வெளியேற்ற வேண்டும். இந்த ஆவி காற்றைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது என்பதால் உத்தரத்தை ஒட்டிய விசிறி மட்டும் போதாது. அந்த வழி பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கி இருக்கவும் கூடாது. துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. கரித்தூள் வடிப்பான் பொருத்திய முகமூடி வேண்டும். சாதாரண மெல்லிய கையுறையை இந்தத் திரவம் ஊடுருவிவிடும். பியூட்டைல் ரப்பர் தாங்கும்.

தீயையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஏறக்குறைய 44 டிகிரி செல்சியஸில் சைக்ளோஹெக்ஸனோனின் ஆவி, ஒரு பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். மை கேன்களைக் கூரை சூடேறாத அறையில் தனியாக வைப்பதும், அச்சு அறையில் பீடி, சிகரெட், சாம்பிராணி எதுவும் கூடாது என்பதும் மெஷின் வருவதற்கு முன்பே முடிவாக வேண்டிய விஷயங்கள்.

காற்றின் எடை

அச்சு நன்றாக வந்தால் மட்டும் போர்டு முடிந்துவிடாது. காற்றழுத்தத்துக்கு இந்தியத் தரநிலை 875 தரும் சூத்திரம் எளிது: நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற கணக்கில் வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்க வேண்டும். பத்துக்கு எட்டடி பேனரில் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகக் காற்று நேராக மோதினால் ஏறத்தாழ 100 கிலோ எடைக்குச் சமமான தள்ளுவிசை வரும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. இதை ரீப்பர் சட்டமும் சவுக்குக் கம்பும் சணல் கயிறும் தாங்க வேண்டும். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே கட்டியிருந்த பேனர் ஸ்கூட்டரில் சென்ற இளம் பொறியாளர்மீது விழுந்தது. நிலைகுலைந்து சாய்ந்த அவர் பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். காற்றோடு பிறந்த வட்டாரத்தில் பேனர் கட்டுபவர்கள் இதை ஒருநாளும் மறக்கக் கூடாது.

மூன்று நாளுக்கு எதற்கு மூன்று வருட மை?

வெயிலில் கிடக்கும் பழைய பேனரில் முகங்கள் நீலம் பாய்ந்திருப்பதைப் பார்த்திருப்போம். மஞ்சளும் மெஜந்தாவும் புறஊதாக் கதிரில் முதலில் சிதைந்துபோக, உறுதியான தாலோசயனின் நீலமும் கரியும் நிற்பதால் வரும் தோற்றம் அது. நிறம் போன பிறகும் பிவிசி போவதில்லை. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். குப்பையோடு எரித்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகையும் டையாக்சின் நஞ்சுகளும் கிளம்பும். பாலியஸ்டர் வலையோடு ஒட்டிக் கிடப்பதால் மறுசுழற்சியும் கடினம். வைக்கோல் போருக்கு மூட, மாட்டுக் கொட்டகைக்கு மறைக்க என்று நம் மக்கள் பழைய ஃபிளெக்ஸைத் திரும்பப் பயன்படுத்துவது நல்ல வழக்கம். நெல்லும் மிளகாயும் காயவைக்க மட்டும் அதை விரிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கை இளக்கமாக்கும் எண்ணெய்ப் பொருள்கள் அதில் உள்ளன.

புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே 2019இல் அரசு பிவிசி ஃபிளெக்ஸுக்குத் தடை விதித்தது. அச்சகங்கள் துணிக்கும் பிற விரிப்புகளுக்கும் மாற வேண்டியிருந்தது. இன்று மெஷின் வாங்குகிறவர் நாளைய விதியையும் எண்ணிப் பார்ப்பது நல்லது. மேல்பூச்சுள்ள பருத்தித் துணியையும் ஓட்டக்கூடிய மெஷினா, அதற்கான வண்ணக் கோப்பு மென்பொருளில் இருக்கிறதா என்று விற்பவரிடம் சொந்தத் துணியைக் கொடுத்து அச்சடித்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

சால்வென்ட் மையின் பெருமையே அதன் பிடிமானம். ஆண்டுக்கணக்கில் வெயிலும் சாரலும் தாங்க வேண்டிய கடைப் போர்டுக்கு, பள்ளிப் பெயர்ப்பலகைக்கு, லாரிக்கு அது தகும். காதணி விழாவுக்கும் கல்யாணத்துக்கும் மூன்று நாள் நிற்கும் பேனருக்கு அதே பிடிமானம் வீண். அச்சடிப்பவரின் மூச்சும் ஊரின் மண்ணும் அதற்கு விலை கொடுக்கின்றன. கடைக்கு வருபவர் சதுர அடி விலையைக் கேட்கும் முன், இது எத்தனை நாள் நிற்க வேண்டும் என்று அச்சகக்காரர் கேட்கட்டும். மூன்று நாள் என்றால் துணியைக் காட்டட்டும். மூன்று வருடம் என்றால் சால்வென்ட் மெஷினை ஓட்டட்டும், விசிறியைப் போட்டுவிட்டு.