வளவுக்குள் வந்த வேற்றுச் சேவல்



நாலு கோழியும் ஒரு வேலியும் உள்ள வீட்டுக்கு என்றைக்காவது ஒருநாள் இந்த விருந்தாளி வந்தே தீரும். விடியப்புறம் எழும்பிப் பார்த்தால், முன்பின் தெரியாத சேவல் ஒன்று எங்கள் கோழிகளுக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும். பிள்ளைகளுக்குச் சந்தோசம். பக்கத்து வீட்டார் "கறிக்கு ஆச்சு" என்று பகிடி விடுவார்கள். வயதானவர்கள் "வந்த சீதேவியைத் துரத்தாதே" என்பார்கள்.

ஆனால் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது பகிடியான விடயம் அல்ல. போருக்குப் பின்னர் தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்களில் பலருக்குக் கோழிதான் கையில் புழங்கும் காசு. பிள்ளையின் கொப்பி, பேனை, பஸ்காசு எல்லாம் முட்டையில்தான் வருகின்றன. அந்நியச் சேவல் ஒன்று இரண்டு ஆபத்துகளைக் கொண்டுவரலாம். ஒன்று நோய். மற்றது "கோழிக்கள்ளி" என்ற பேர். கோழியும் போகக்கூடாது, பேரும் போகக்கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்பதை நான் செய்து பார்த்தபடியே எழுதுகிறேன்.

நான் இருப்பது கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு சிறு கிராமம். 2010இல் முகாமிலிருந்து மீளக்குடியேறினோம். அம்மா, நான், இரண்டு பிள்ளைகள். 2018 மாசி மாதத்தில் எங்கள் வளவுக்குள் ஒரு சிவலைச் சேவல் வந்தது. அப்போது என்னிடம் 7 பேடுகள் இருந்தன. சேவல் இல்லை.

ஏன் வருகின்றன?

சேவல் காரணமில்லாமல் வீடு மாறாது. ஒரே வளவில் இரண்டு சேவல் வளர்ந்தால் வலியது மற்றதை அடித்துத் துரத்திவிடும். துரத்தப்பட்டது பேடுகளின் சத்தம் கேட்கும் இடத்தைத் தேடிப் போகும். சில சேவல்கள் நாய்க்கோ மரநாய்க்கோ பயந்து ஓடி வழி தவறியவை. நேர்த்திக்காகக் கோயிலில் விட்ட சேவல் வீதியால் வந்து ஏறுவதும் உண்டு. தொல்லை தாங்காமல் ஆட்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவதும் உண்டு. ஆகவே, வந்த சேவலுக்கு உடையவர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருக்கிறார் என்று நினைத்து நடப்பதே நல்லது.

முதலில் தூரத்தில் நின்று பாருங்கள்

கண்டவுடன் துரத்தவும் வேண்டாம், தீன் போட்டு அழைக்கவும் வேண்டாம். உங்கள் கோழிகளைக் கூட்டுக்குள் விட்டு அடைத்துவிட்டு, சேவலைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள்.

காட்டோரக் கிராமங்களில் இருப்பவர்கள் அது காட்டுச் சேவலா என்று முதலில் பார்க்கவேண்டும். காட்டுச் சேவலின் சிவந்த கொண்டைக்கு நடுவில் மஞ்சள் நிறம் இருக்கும். நெஞ்சு செம்மஞ்சள், வால் கருநீலம். இந்த இனம் இலங்கையில் மட்டுமே இருக்கிறது. எங்கள் நாட்டின் தேசியப் பறவையும் அதுதான். சட்டப் பாதுகாப்பு உள்ள பறவை என்பதால் பிடிக்கக்கூடாது. விட்டால் தானாகவே காட்டுக்குப் போய்விடும்.

ஊர்ச் சேவல் என்றால் அதன் சுகத்தைப் பாருங்கள். தலை நிமிர்ந்து, கண் தெளிவாக, கொண்டை சிவப்பாக இருந்தால் நல்லது. செட்டை தொங்கி, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, பச்சை நிறமாகக் கழிந்தால், அல்லது கழுத்தை முறுக்கிக்கொண்டு நின்றால், அது இராணிக்கெற் நோயாக இருக்கலாம். அப்படியானதை வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே அரச மிருக வைத்தியரின் அலுவலகத்துக்கு அறிவியுங்கள்.

எங்களிடம் வந்தது நல்ல சுகமாகத்தான் தெரிந்தது. வலது கால் நடுவிரலில் நகம் இல்லை. இந்த அடையாளத்தை அம்மாவுக்கு மட்டும் சொன்னேன். ஏன் என்று பின்னர் சொல்கிறேன்.

பகலில் துரத்தாதீர்கள்

பகலில் சேவலைப் பிடிக்க ஓடினால் உங்களுக்குத்தான் மூச்சு வாங்கும். அது வேலியால் பாய்ந்து பற்றைக்குள் போய்விடும். அப்போது எங்கள் கிராமத்தின் கிழக்குப் பக்கப் பற்றைக்காட்டில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை நின்றது. வன்னியில் கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. கோழிக்குப் பின்னால் ஓடும் பிள்ளை பலகையைப் பார்க்காது. ஆகையால் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: சேவல் போனால் போகட்டும், படலைக்கு வெளியே ஒருவரும் துரத்தக்கூடாது. தெரியாத இரும்பு எதையாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பிவந்து பெரியவர்களிடம் சொல்லவேண்டும்.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. பொழுதுபட்டபின் எங்கே ஏறிப் படுக்கிறது என்று பார்த்துவையுங்கள். எங்கள் சேவல் முருங்கையின் தாழ்ந்த கிளையில் ஏறியது. இரவு 8 மணிபோல, வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிக்காமல், பின்பக்கமாகப் போய், இரண்டு கையாலும் செட்டைகளை உடம்போடு சேர்த்துப் பிடித்தேன். ஒற்றைக் காலில் பிடித்துத் தூக்கினால் கால் முறியலாம், முள்ளால் கீறியும் விடும். பயமாக இருந்தால் பழைய சாக்கை மேலே போட்டு மூடிப் பிடியுங்கள்.

21 நாள் தனியே வையுங்கள்

பிடித்த சேவலை உங்கள் கூட்டுக்குள் விடாதீர்கள். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான்.

இராணிக்கெற் நோய்க்கு மருந்து கிடையாது. எச்சத்தாலும் மூக்குச் சளியாலும் தண்ணீர்ச் சட்டியாலும் பரவும். எங்கள் செருப்பிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டுகூடப் போகும். தொற்றிய கோழி சில நாட்களுக்கு ஒரு குறியும் காட்டாமல் தீன் தின்றுகொண்டு திரியும். எங்கள் ஒழுங்கையில் ஒரு சகோதரி சந்தையில் வாங்கிய பேட்டை அன்றைக்கே கூட்டுக்குள் விட்டார். ஒரு கிழமைக்குள் 14 கோழிகளைப் புதைத்தார். அந்த வருடம் அவருடைய மகளின் ரியூசன் நின்றுபோனது.

எத்தனை நாள் தனியே வைப்பது என்று கேட்பீர்கள். அடை வைத்த முட்டை பொரிக்க எடுக்கும் அதே 21 நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வளவின் மற்ற மூலையில் பனைமட்டையும் பழைய கம்பிவலையும் கொண்டு சிறு கூடு ஒன்று கட்டினேன். அதற்கென்று தனிச் சிரட்டை, தனித் தண்ணீர்ச் சட்டி. காலையில் என் கோழிகளுக்குத் தீன் வைத்த பிறகுதான் அதற்கு வைப்பேன். குறுணலும் தவிடும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும் போதும். பிறகு கையையும் காலையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். கழுவாத கையால் கண்ணைக் கசக்கக்கூடாது. இந்த நோய்க்கிருமி எங்கள் கண்ணிலும் அழற்சியை உண்டாக்கும். கூட்டுக்குள் அடுப்புச் சாம்பல் கொட்டிவிட்டேன். அதில் புரண்டு குளித்தால் செள்ளு, பேன் குறையும்.

அதே கிழமை மிருக வைத்தியரின் அலுவலகத்தில் கேட்டு என் 7 பேடுகளுக்கும் இராணிக்கெற் தடுப்பு மருந்து போடுவித்தேன். அது சுகமாக இருக்கும் கோழிக்குத்தான் பயன்தரும், நோய் வந்தபின் போட்டுப் பலனில்லை. மருந்தைக் குளிரில் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும். ஆகவே நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் போடுவித்தால் செலவும் அலைச்சலும் குறையும்.

உடையவரைத் தேடுதல்

சேவலைப் பிடித்த மறுநாளே பக்கத்து வீட்டார் இருவருக்குச் சொன்னேன். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கடைச் சந்தியிலும் வாசிகசாலையிலும் சிறு துண்டு எழுதி ஒட்டினேன். "ஒரு சேவல் வந்து நிற்கிறது. அடையாளம் சொல்லி எடுத்துக்கொள்ளவும்." அவ்வளவுதான். நிறத்தையும் நகத்தையும் எழுதவில்லை. எல்லாவற்றையும் எழுதிவிட்டால் யாரும் தனது என்று சொல்லலாம் அல்லவா?

ஐந்தாம் நாள் பொழுதுபட்ட நேரம், அறிமுகமில்லாத ஒருவர் படலையில் வந்து நின்றார். "என்ர சாவல் உங்க நிக்குதாம், எடுத்துத் தாங்கோ" என்றார். படலையைத் திறக்காமல், "நாளைக்குப் பகல் வாங்கோ அண்ணை. சங்கத் தலைவியையும் கூப்பிட்டு வைக்கிறன். அடையாளத்தைச் சொல்லி எடுத்துக்கொண்டு போங்கோ" என்றேன். "ஒரு சாவலுக்கு இவ்வளவு சட்டமோ" என்று முணுமுணுத்துக்கொண்டு போனவர் மறுநாள் வரவே இல்லை.

சகோதரிகளே, ஆண்துணை இல்லாத வீடு என்று தெரிந்துகொண்டு இருட்டில் ஏதாவது சாட்டோடு வருபவர்கள் இருக்கிறார்கள். சேவலும் ஒரு சாட்டுத்தான். கோழி விடயத்தைப் பகலில், நாலு பேர் முன்னால் பேசுவதே எங்களுக்குப் பாதுகாப்பு. அது மரியாதைக் குறைவு அல்ல.

பதினாறாம் நாள் இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்து ஓர் ஆச்சி பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு கண் முற்றாகத் தெரியாது. மற்றதில் மங்கலான வெளிச்சம் மட்டும். நான் கேட்க முன்னரே சொன்னார்:

"வலக்கால் நடுவிரலைப் பார் பிள்ளை, நகம் இராது. குஞ்சாய் இருக்கேக்கை கீரி கடிச்சது. அவன் கூவினால்தான் எனக்கு விடிஞ்சது தெரியும். இவ்வளவு நாளும் இரவு பகல் தெரியாமல் கிடந்தன்."

ஆச்சி சொன்னது வெறும் பேச்சல்ல. சேவலின் உடம்புக்குள்ளேயே ஒரு மணிக்கூடு இருக்கிறது. 2013இல் யப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேவல்களை எந்நேரமும் மங்கலான வெளிச்சத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். அப்படியிருந்தும் அவை விடியும் நேரத்தை உணர்ந்து கூவின.

தன் இரண்டு மகன்மாரையும் போரில் இழந்த ஆச்சி அவர். சேவலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வெகுநேரம் இருந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகும்போது, "உனக்குச் சாவல் இல்லையெண்டு பேத்தி சொல்லுறாள். அடை வைக்கிற நேரம் வந்து கேள், கொண்டுவந்து விடுறன்" என்றார். சித்திரையில் சேவல் ஒரு கிழமை எங்கள் வளவில் நின்றது. 11 முட்டை அடை வைத்தேன், 9 பொரித்தன. வளர்ந்தபின் 2 பேடுகளை ஆச்சிக்குக் கொடுத்தேன்.

உடையவர் வராவிட்டால்

21 நாள் கழிந்தும் ஒருவரும் வரவில்லை, சேவலும் சுகமாக இருக்கிறது என்றால், சங்கத்தில் இன்னொரு முறை சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

முட்டை விற்பதற்கு மட்டும் கோழி வளர்ப்பவர்களுக்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலே பேடு முட்டையிடும். அந்த முட்டையில் சத்துக் குறைவும் இல்லை. குஞ்சு வேண்டும் என்றால்தான் சேவல் வேண்டும். 8 முதல் 10 பேடுகளுக்கு ஒரு சேவல் போதும். மூன்று நாலு பேடு மட்டும் இருந்தால் சேவலின் தொல்லையால் அவற்றின் முதுகு இறகு உதிர்ந்து புண்ணாகும். சேவல் சேர்ந்து சில நாள் கழித்து இடும் முட்டைகளை எடுத்து, 7 நாளுக்குள் அடை வையுங்கள். ஏழாம் நாள் இருட்டில் முட்டைக்குப் பின்னால் ரோர்ச் அடித்துப் பார்த்தால், கரு கட்டிய முட்டையில் சிலந்தி வலைபோல இரத்த நரம்பு தெரியும்.

உங்களிடம் ஏற்கெனவே சேவல் இருந்தால் இரண்டையும் ஒன்றாக விடாதீர்கள், இரத்தம் வர அடிபடும். தேவையான ஒருவருக்குக் கொடுத்துவிடுங்கள். சின்னப்பிள்ளைகள் மேல் பாயும் சேவலை வைத்திருக்கவே வேண்டாம். அதன் கால்முள் கண்ணைக் குத்திவிடும். கறிக்கு என்று முடிவெடுத்தாலும் அது உங்கள் உரிமைதான். ஆனால் நோயுற்றதை, தானாகச் செத்ததை ஒருபோதும் சமைக்காதீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, நாய் கிளறாதபடி புதையுங்கள்.

நினைவில் வைக்க

1. உங்கள் கோழிகளை அடைத்துவிட்டுத் தூரத்தில் நின்று பாருங்கள்.
2. இரவில் பிடியுங்கள், பகலில் துரத்தாதீர்கள்.
3. 21 நாள் தனிக்கூடு, தனிச்சட்டி. உங்கள் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து.
4. நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஓர் அடையாளத்தை மறைத்து வையுங்கள்.
5. கேட்டு வருபவரைப் பகலில், சாட்சியோடு சந்தியுங்கள்.

கூடு கட்டப் பழைய மட்டையும் அரை நாள் வேலையும் போதும். அதைக் கட்டிவைத்தால் அடுத்த முறை நீங்களே வாங்கிவரும் கோழிக்கும் உதவும். இந்தக் கிழமையே வளவின் மூலையில் ஓர் இடத்தைப் பாருங்கள்.